ஸ்வெட்டர் மாட்ட ஓர் ஆணி

ஜனவரி 6, திங்கள்

புதுக் கோட்டு வந்துவிட்டது. வெள்ளை நைலான். கழுத்து வரை பட்டன், மணிக்கட்டில் எலாஸ்டிக். தேயிலை பேக்டரியைச் சுற்றிப் பார்க்க வருகிற டூரிஸ்ட்காரர்களுக்கு நாங்கள் சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். தேயிலையைச் சூடு காட்டிக் காய வைக்கிற ட்ரையர் பக்கம் நிற்கிறவளுக்கு இதைத் தைக்கச் சொன்ன மகராசன் ஒரு நாளாவது அந்த அனலில் நின்றிருப்பானா?

காலையில் லய வீட்டிலிருந்து இறங்கும்போது புல்லெல்லாம் உறைபனி, பல் கிட்டுகிறது. உள்ளே நுழைந்தால் உலை.

ஜனவரி 8

டீமேக்கர் ராஜசேகர் சாரிடம் சொன்னேன். பேக்டரி அவர் பொறுப்பு. “வேர்க்குதுன்னா ஸ்வெட்டரைக் கழட்டிட்டுக் கோட்டைப் போடு சிவசங்கரி. இதுக்கெல்லாமா கம்ப்ளெய்ன்ட்?”

கழட்டணுமாம்ல! ஜாக்கெட்டுக்கு மேலே ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலேதான் முந்தானை, அதுக்கு ஊக்கு. இந்த மலையில் பொம்பளைகள் எல்லாருமே அப்படித்தான் உடுத்துகிறோம். ஸ்வெட்டரைக் கழட்ட முந்தானையை எடுக்கணும். எங்க வச்சு எடுக்க? ஆம்பளைங்க முன்னாலயா, டூரிஸ்ட்காரன் எட்டிப் பார்க்கிற கண்ணாடி முன்னாலயா? ஆம்பளைகளுக்கு என்ன, தலை வழியாக உருவித் தூணில் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

ஜனவரி 10

கக்கூஸில் மாற்றலாமே என்கிறான் தம்பி அஜய். ஈரத் தரையில் சேலையை அவிழ்த்து எங்கேடா வைக்க? நாங்க ஒவ்வொருத்தியா மாத்தி வர்றதுக்குள்ள லேட்டுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

ஜனவரி 16

ஆனந்தி விழுந்துவிட்டாள். அஜய் பொண்டாட்டி, என் பக்கத்தில்தான் நிற்பாள். “மதினி, கண்ணு இருட்டுது” என்றாள், அவ்வளவுதான். கோட்டைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்தது. உள்ளே ஸ்வெட்டர் தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. ஜீப்பில் போட்டுச் சித்திரபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ராஜசேகர் சொல்கிறார்: “சாப்பிடாம வந்திருப்பா.”

சாப்பிடாமலா! காலையில் என் வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து தின்றாள். மனுஷனுக்கு வாய் கூசாதா?

ஜனவரி 17

உடம்புக்கு முடியாதவளை உள்ளே வைக்க முடியாதாம். நாளையிலிருந்து கொழுந்து எடுக்க மலைக்குப் போகணுமாம். கணுக்காலில் பிளேட் வைத்த பிள்ளை! அந்தச் சரிவில் விழுந்து கால் உடைந்துதானே உள் வேலைக்கு வந்தாள். மறுபடி விழுந்தால் அப்புறம் எழுந்து நடப்பாளா?

“பேசாம இரு அக்கா, உன் வேலையும் போயிரும்” என்கிறான் அஜய். பேசாம இருந்து இருந்துதான்டா இங்க வந்து நிக்கிறோம்.

ஜனவரி 18

கோட்டுக் கட்டு எடுத்துவர முன்பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஓர் அறை. கதவு, தாழ்ப்பாள், ஆளுயரக் கண்ணாடி, சுவர் நெடுகக் கொக்கி. டூரிஸ்ட்காரர்கள் ஸ்வெட்டரைக் கழட்டி வைத்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொள்ளவாம்!

அப்படின்னா இவங்களுக்குத் தெரியும். கம்பளிக்கு மேல கோட்டு போட்டா வேகும்னு நல்லாத் தெரியும். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கிறவனுக்கு வேகக் கூடாது, நாள் பூரா நிக்கிறவ வெந்தா பரவாயில்லை. எங்க தோல் என்ன மாட்டுத் தோலா? திரும்பி வரும் வழியில் அழுதேன். ஆத்திரத்தில்தான்.

ஜனவரி 20, திங்கள்

செய்தே விட்டோம். வேலை தொடங்கும் முன்னால் ட்ரையர் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டோம். நிதானமாக மாற்றினோம். கொக்கி பூராவும் எங்கள் ஸ்வெட்டர். சாயம் போனது, முழங்கையில் ஒட்டுப் போட்டது, எல்லாம்.

டூரிஸ்ட்காரர்களைக் கூட்டி வருகிற ஜிஸ்மி பார்த்துத் திகைத்துவிட்டாள். “அய்யோ சேச்சி, கெஸ்ட்டுங்க ஸ்வெட்டரை எங்க மாட்டச் சொல்ல?”

“ஆம்பளைங்க தூண்ல ஆணி இருக்கே, அங்க மாட்டச் சொல்லு.”

ராஜசேகர் ஓடி வந்தார். “இதென்ன உங்க வீடா?”

“இல்ல சார், அதான் துணி மாத்த இடம் கேக்குறோம். எங்களுக்குக் கதவு வச்ச ரூம் வேணும். ஆனந்தி உள்ள வரணும். அதுவரைக்கும் தினமும் இங்கதான்.”

சொல்லிவிட்டு நேரே ட்ரையர் பக்கம் போய் நின்றேன்.

ஜனவரி 23

இன்றும் அங்கேதான். ஆனந்தி கால் வீங்கி, நொண்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

ஜனவரி 29

காலிச் சாக்கு போட்டிருந்த அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். கதவு புதுசு. அஜய்தான் ஆணி அடித்தான். ஆனந்திக்கு மறுபடி உள் வேலை!

ஆனால் அவளுக்குப் பதில் ஓர் ஆள் மலைக்குப் போகணுமாம். யார் என்று கேட்கவே வேண்டாம். “நீதான் தைரியமான ஆளாச்சே சிவசங்கரி” என்றார் ராஜசேகர். சிரிக்கிறான், பாவி.

பிப்ரவரி 4

நாள் பூரா சரிவில் நின்று இடுப்பு விட்டுப்போச்சு. இங்கே ஸ்வெட்டரைக் கழட்டுகிற பேச்சே இல்லை, எத்தனை போட்டாலும் குளிர் போகவில்லை.

சாயங்காலம் ஆனந்தி வந்தாள். நொண்டவில்லை. “கதவுப் பக்கத்து முதல் ஆணியில யாரும் எதுவும் மாட்டுறதில்ல மதினி. அது உங்களுக்காம்.”

எனக்கு வந்ததே கோபம். “ஆணியைச் சும்மா விடவாடி இம்புட்டுப் பாடுபட்டேன்? நாளைக்கு உன் ஸ்வெட்டரை அதுல மாட்டு” என்று கத்தினேன்.

“முடியாது மதினி” என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் என்னை எதிர்த்துப் பேசுகிறாள்.