தண்ணீருக்கென்று கழித்த நிறை

சென்ற ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தொழிற்சாலை வளைவில் வண்டி வேகம் குறைந்தபோது யன்னல் வழியாக வாடிய கொழுந்தின் வாசனை உள்ளே வந்தது. அது பச்சை இலையின் வாசனையும் அல்ல, தேயிலைத் தூளின் வாசனையும் அல்ல. இரண்டுக்கும் நடுவே நிற்பது. "இலை தண்ணிய விடுது சார், அந்த வாசம்தான் இது" என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். பக்கத்தில் இருந்தவர் கைபேசியில் எதையோ சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உங்கள் குரலே கேட்டது.

உங்களுக்கு அன்று ஆண்டுத் திவசம். திதிப்படி பார்த்தால் அது வெள்ளிக்கிழமை விழுந்திருந்தது. பிள்ளைகளின் வேலை வசதிக்காக ஞாயிறுக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. உங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இருந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். நாட்களை நீங்கள் ஒருபோதும் மதித்ததில்லை. நாம் முதன்முதல் சந்தித்தது ஆடி அமாவாசைக்கு மறுநாள். நீங்களோ கடைசிவரை அதை ஆடிப்பூரம் என்றே சொல்லிவந்தீர்கள். ஆடிப்பூரத்தன்று நான் லீவு எடுத்துக் கோயிலுக்குப் போகிறவன், அன்று தராசு பரிசோதிக்க வந்திருக்க வழியே இல்லை என்று பலமுறை விளக்கினேன். "சரிங்க சார், அமாவாசையே இருக்கட்டும்" என்பீர்கள். அடுத்த முறை கதை மறுபடி ஆடிப்பூரத்தில் தொடங்கும்.

அன்று நான் அளவை நிறுவைப் பரிசோதகனாக வந்தேன். நீங்கள் அந்தத் தொழிற்சாலையின் டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவது முதல் தூளாக வெளியே போவது வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். முத்திரை குத்திய நிறைப்படிகளை ஏற்றிக் கொழுந்துத் தராசைச் சோதித்தேன். பிழை இல்லை. அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கொழுந்தோடு பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். நீங்கள் ஒவ்வொரு நிறுவையிலும் ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்தே சொன்னீர்கள்.

"தராசு காட்டினதைக் குறைச்சுச் சொல்ல உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?" என்று கேட்டேன்.

"தராசு பொய் சொல்லாதுங்க சார். மழை சொல்லும். தண்ணிய நான் எப்படித் தூளாக்குறது?"

வரிசையில் நின்ற ஒரு பெண் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "டீமேக்கர் ஐயா, எங்க வேர்வையையும் சேத்துக் கழிச்சிராதீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் அவளுடைய கூடையைக் கையால் அளைந்து பார்த்து, கழிவைக் குறைத்தீர்கள். தோட்டத்தில் கழிவு என்ற சொல்லைக் கேட்டாலே முகங்கள் சுருங்கும், கூலியைக் குறைக்கவே பல இடங்களில் அது பயன்பட்டது. உங்களுடைய கையை மட்டும் அவர்கள் நம்பினார்கள். இலையின் நிறைதான் நிறை, மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர் ஒரு பொருட்டல்ல என்பதே உங்கள் தொழிலின் அடிப்படை நேர்மை.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு நம்மை மறுபடி சேர்த்து வைத்தது கிளினிக்கில் முறைக்குக் காத்து உட்கார்ந்த வாங்கு. எனக்கு இரத்த அழுத்தம், உங்களுக்குச் சீனி வருத்தம். தைப்பொங்கலுக்கு அடுத்த புதன்கிழமை டொக்டர் இருவருக்கும் ஒரே கட்டளை இட்டார்: நிறையைக் குறையுங்கள். நான் கண்டியில் இரண்டு தராசு வாங்கினேன், ஒன்று உங்களுக்கு. இரண்டையும் பொதி பிரிக்காத அரிசிப் பைகளை வைத்துச் சரிபார்த்த பிறகே உங்களுக்குரியதைக் கையளித்தேன்.

"தராசுக்கே சீல் குத்துன ஆளு, இப்ப நமக்கும் குத்த வந்துட்டாரு" என்று உங்கள் மனைவியிடம் சொன்னீர்கள். "எங்க குத்துவாரு, முதுகிலயா?" என்று அவர் கேட்டார்.

அன்று தொடங்கிய வழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, தேநீருக்கு முன், அதே சாரத்துடன் ஏறி நிற்பேன். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்; அது என்னைத் தொடுவதில்லை. ஒரு வாரத்தின் போக்கைத்தான் பார்ப்பேன். மத்தியானம் இரண்டாம் தரம் சோற்றுக்குக் கை நீளும்போது காலையில் கண்ட முள் நினைவுக்கு வரும். கை தானாக நின்றுவிடும். தராசு எனக்கு ஒரு கைத்தடி போல ஆயிற்று.

உங்களுக்கு அது அப்படி ஆகவில்லை. முள் கொஞ்சம் இறங்கினால் அன்று மாலை தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். கொஞ்சம் ஏறினால் வீடு முழுதும் இருண்டுபோகும். நான் தங்கச்சி என்று அழைக்கும் உங்கள் மனைவி என்னிடம் முறையிட்டார்: "அண்ணே, அந்தச் சனியனக் கொண்டு போயிருங்க. காலம்பொற அதுல ஏறி இறங்குனா இவரு மூஞ்சிய பாக்க முடியல. பேசுறதும் இல்ல, திங்கிறதும் இல்ல." அதன் பிறகு ஒரு நாளில் மூன்று தடவை, நான்கு தடவை ஏறிப் பார்க்கத் தொடங்கினீர்கள். தண்ணீர் குடித்தால் ஏறிப் பார்ப்பது, குடிக்காமல் இருந்து ஏறிப் பார்ப்பது. முள் இறங்காத ஒரு காலையில், அது மாசிமகத்துக்கு முதல் நாள், சீனிக் குளிசையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினீர்கள். பேராதனைக்குக் கிட்ட வரும்போது வியர்த்துக் கொட்டிச் சரிந்தீர்கள். முன் ஆசனத்தில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளைக்கு வாங்கிய இனிப்பை உங்கள் வாயில் வைத்திராவிட்டால் அன்றைக்கே இந்த மடலை எழுத வேண்டி வந்திருக்கும்.

கிளினிக்கில் இருந்த தாதி, அக்குறணைப் பக்கத்துப் பெண், நாம் மிஸ் என்று அழைப்பவர், உங்களைத் திட்டவில்லை. "வாப்பாட வயசுல இருக்கீங்க, என்னத்துக்கு இந்த வேலை? சில பேருக்கு டெய்லி பாத்தா நல்லம். உங்களுக்கு நல்லமில்ல. கிழமைக்கு ஒருக்கா பாருங்க, போதும். சாப்பாட்ட மட்டும் விட வேணாம்" என்றார்.

திரும்பி வரும்போது நான் விவாதித்தேன். எனக்கு உதவுவது உங்களுக்கு ஏன் உதவக் கூடாது என்பது என் கேள்வி. நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்: "சார், கொழுந்த ஒரு நாளைக்கு மூணு தரம் நிறுக்குறோம். அது சம்பளத்துக்குப் பேர் போடுறதுக்குங்க. செடி வளர்றதுக்கு இல்ல." தராசு எனக்கு உதவியது, உங்களைச் சாய்த்தது. இரண்டும் உண்மை, ஒன்றைக்கொண்டு மற்றதை அழிக்க முடியவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை என்று ஆன பிறகு நீங்கள் தேறினீர்கள். நிறையும் மெல்ல இறங்கியது, முகமும் தெளிந்தது. அப்படியே போயிருந்தால் சொல்லுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் ஒரு ஐப்பசி மழையில் உங்கள் இருதயம் களைத்துப்போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடும்போது புதிய குளிசைகளைத் தந்தார்கள். தினமும் காலையில் நிறை பார்க்க வேண்டும், சட்டென்று கூடினால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். தினமும் பார்க்காதே என்ற அதே இடத்தில் இப்போது தினமும் பார் என்றார்கள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, அவசரத்தில் அவர்களும் விளக்கவில்லை. மறுபடி உடம்பைக் குறைக்கச் சொல்லுகிறார்கள் என்றே நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கொழுப்பைத்தான் நிறுக்கிறோம் என்று நினைத்தீர்கள்.

கார்த்திகைத் தீபத்துக்கு அடுத்த வியாழக்கிழமை நான் வந்தபோது சாய்மனைக் கதிரையில் இருந்தீர்கள். எழுந்து வரவேற்கவில்லை, உங்களிடம் அப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினீர்கள்.

"நிறை என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"கூடலைங்க சார். ஆஸ்பத்திரியில விட்டப்ப இருந்த அதே நிறைதான்."

தங்கச்சி குசினியில் இருந்து வந்தார். "அதே நிறையாம். செருப்பு ஏற மாட்டேங்குது அண்ணே. ராத்திரி படுக்கவும் முடியல, இந்தக் கதிரையிலயே குந்திக்கிட்டு இருக்காரு."

"ஏறி நில்லுங்கோ பாப்பம்" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினீர்கள். குனிந்து முள்ளைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நிறைக்கு அது எங்கோ மேலே நின்றது. நான் சரிபார்த்துத் தந்த தராசு அது. அதில் சந்தேகப்பட என்னால் முடியாது.

"இது கூடித்தானே நிக்குது?"

"அது தண்ணிங்க சார்" என்றீர்கள், ஒரு விவரம் தெரியாதவருக்கு விளக்குவதுபோல. "காலெல்லாம் ஊதியிருக்கு பாருங்க, வெறும் தண்ணி. அதக் கழிச்சிட்டுத்தான் நிறை சொல்லணும். கழிச்சா அதேதான்."

நீங்கள் எவரையும் ஏமாற்றவில்லை. கிளினிக்குக்கு உண்மையான நிறையைச் சொல்ல வேண்டும் என்றே, ஒவ்வொரு நாளும் விடியலில் ஊதிய காலை அமுக்கிப் பார்த்து, மழையில் வந்த கூடைக்குக் கழித்ததுபோல, உங்கள் உடம்புக்கும் கழித்திருக்கிறீர்கள். ஒரு டீமேக்கரைத் தவிர வேறு எவரும் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. அவ்வளவு நேர்மையாக அதைச் செய்திருக்கவும் முடியாது.

த்ரீவீல் பிடித்தோம். ஹந்தானை மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. வழி முழுதும் நீங்கள் கண்ணை மூடி, என் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தீர்கள். உங்கள் விரல்கள் குளிர்ந்திருந்தன. வார்ட்டில் ஊசி போட்டு, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, நடந்ததை, கேள்விப்பட்டு வார்ட்டுக்கு வந்த கிளினிக் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"ஐயா, இருதயம் களைச்சா ஒடம்புல தண்ணி சேரும், நாங்க தேடுறதே அந்தத் தண்ணியத்தானே! அதக் கழிச்சுப்போட்டு மத்ததச் சொன்னா எங்களுக்கு என்ன விளங்கும்?"

"இங்க தண்ணிக்குத்தான் வெலைங்கிறீங்க" என்றீர்கள். அடுத்த கட்டிலில் இருந்தவரும் சிரித்தார்.

அன்று முதல் நீங்கள் எதையும் கழிக்கவில்லை. முன்பு உங்களை வாட்டிய அதே தராசு, அதே காலை வேளை; இப்போது ஏறி நின்று பார்த்துவிட்டு, ஏறியிருந்தால் கிளினிக்குக்குச் சொல்லி, அவர்கள் சொன்னபடி சலம் போகிற, தண்ணீரை வடிக்கிற குளிசையைக் கூட்டிக்கொண்டு, சாவதானமாகத் தேநீர் குடித்தீர்கள். முள் ஏறினால் அது உங்கள் மீது சொல்லப்பட்ட குற்றமாக இல்லை. வெறும் செய்தியாக ஆகிவிட்டது. அப்படி இரண்டு மழைக்காலங்களைக் கடந்தீர்கள். அடுத்த பங்குனியில், பகல் சாப்பாட்டுக்குப் பின், அமைதியாகப் போனீர்கள். அன்று காலைகூட நிறை கூடியிருக்கவில்லை என்று தங்கச்சி சொன்னார். கடைசியில் எந்தத் தராசாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று வந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உங்கள் மகள் மலர் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடம்பு வைத்திருக்கிறது. நல்லாய்த்தான் இருந்தது என் கண்ணுக்கு. பரிமாறிக்கொண்டே திரிந்தவள் தான் சாப்பிடாததை நான் கவனித்திருந்தேன்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். வெயிட்டக் குறைக்க நெனைக்கிறவங்க தெனமும் பாக்கிறது நல்லதா, கெட்டதா? நீங்க தெனமும் பாக்கிறீங்கதானே."

"நீ எத்தினை தரம் பாக்கிறாய்?"

அவளுக்கு முந்திக்கொண்டு தங்கச்சி குசினி வாசலில் இருந்து சொன்னார்: "காலம்பொற, குளிச்ச பிறகு, புள்ளைக்குப் பால் குடுத்த பிறகு. பாத்துட்டு அழறது."

எனக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. சாப்பிடாமல் ஏறிய அந்தப் பஸ் என் கண்முன் வந்தது. இப்போது அதில் ஒரு குழந்தையும் சேர்ந்து இருந்தது. ஆயினும் எனக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் சொன்னேன். தினமும் பார்ப்பது என்னைப் போன்ற சிலருக்குத் துணை. சிலருக்கு அது நஞ்சு. பார்த்து அழுகை வருமானால் நீ அந்தச் சிலரில் ஒருத்தி. தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடு, அழுகிறதை மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லு, வயிற்றுக்குப் போடு, பால் குடுக்கிற தாய் நீ. இருதயம் களைத்த உன் அப்பாவுக்குத் தினமும் பார்ப்பதே மருந்தாக இருந்தது, ஏனெனில் அவரிடம் தேடப்பட்டது வேறு. பிறகு கேட்டேன்:

"பிள்ளை, நீ அதிலை ஏறி நிண்டு எதைத் தேடுறாய்?"

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"தெரியல அங்கிள். நான் எப்ப வீட்டுக்கு வந்தாலும் அப்பா வாசல்ல நின்னு மேலயும் கீழயும் பாப்பாரு. 'நல்லாத்தான் இருக்க'ன்னு சொல்வாரு. மெலிஞ்சு வந்தாலும் அதேதான், குண்டா வந்தாலும் அதேதான். இப்ப அதச் சொல்ல ஆளில்ல. அதத்தான் தேடுறேன் போல."

குசினி வாசலில் நின்ற தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஆயுள் முழுதும் படி வைத்துப் பார்க்காமல் ஒரு பொருளைப் பற்றியும் சரி என்று சொன்னதில்லை. எனக்கு அது வேலையாகவும் இருந்தது, குணமாகவும் ஆகிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் நீங்கள் விட்டுப்போன ஒரு வேலை காத்திருந்தது. செய்வதற்கு வேறு எவரும் அங்கே இல்லை. நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன்.

"நல்லாய்த்தான் இருக்கிறாய், பிள்ளை" என்றேன். "போய்ச் சாப்பிடு."

அவள் குழந்தையை என் கையில் தந்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அது கனமாக இருந்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.