நெய்மீன் ஏலம் போன நாள்

இன்று காலை பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு அம்மாள் பழுத்த ஏத்தன் வாழைக்குலையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காம்பில் வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. ஏதோ ஒரு சபையில் அறுப்புப் பண்டிகை. வண்டி குலுங்கக் குலுங்க அந்தப் பழத்தின் வாசனை பஸ் முழுக்கப் பரவியது. நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கண்டக்டர் திட்டினான். எதற்கும் கோபப்படுகிற எனக்கு அப்போது கோபமே வரவில்லை. ஏலம் கூறும் உன் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ கோர்ட்டில் கிளார்க்காக இருந்தாய். ஜப்தி செய்த சாமான்களை அங்கே ஏலம் விடுவதைப் பார்த்துப் பார்த்து உனக்கு வெறுத்துப்போயிருந்தது. "அங்க ஏலம் விட்டா ஒரு வீட்டுல அழுகை கேக்கும் மக்கா. இங்க விட்டா எல்லா வீட்டுலயும் சிரிப்பு கேக்கும்" என்பாய். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை நம் சபையின் அறுப்புப் பண்டிகையில் ஏலம் கூறும் வேலையை நீ யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் கோவில் முற்றத்தில் பலாச்சக்கையும் சேனையும் தேங்காயும் கால் கட்டிய கோழிகளும் குவிந்துவிடும். எல்லாம் வீடுகளிலிருந்து காணிக்கையாக வந்தவை. ஏலப்பணம் முழுவதும் தூரதேசங்களில் ஊழியம் செய்யும் மிஷனுக்கு.

அதில் நம் ஊருக்கென்று ஒரு முறை உண்டு. ஏலத்தில் எடுத்த பொருளை, பணத்தைக் கட்டிவிட்டு, அங்கேயே மறு ஏலத்துக்குத் திருப்பி விடலாம். திருப்பி விடுகிறவன், "இன்ன காரியத்துக்கு" என்று சபை கேட்கச் சொன்னால், அடுத்த சுற்றில் விழும் பணம் அந்தக் காரியத்துக்கே போகவேண்டும். பெரும்பாலும் எல்லோரும் "மிஷனுக்கு" என்றே சொல்வார்கள். கோவில் உள்சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது உனக்கு நினைவிருக்கும். நம் ஊரில் குத்திய ஆணியிலிருந்து வடநாட்டு மலைகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. கமிட்டி செக்ரட்டரி விருந்தாளிகளை முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

அவரைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லமாட்டேன். சபையின் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்கவேண்டிய ஆசிரியர் வேலையை அவருடைய மருமகன் வாங்கிக்கொண்டான். எம்.ஏ. படித்த நான் பாறசாலையில் ஒரு டுட்டோரியல் காலேஜில், தோற்ற பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்துக் காலம் கழித்தேன். "அதை விடு மக்கா" என்று நீ எத்தனையோ முறை சொன்னாய். நான் விடவில்லை. இன்றும் விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பு, கோட்டுகால் பக்கத்துக் கரையில் கடல் ஏறியது. நமக்கு மீன் கொண்டுவருகிற பிலோமினா அக்காவின் வீட்டுக்காரருடைய வள்ளம் தப்பியது, வலை போய்விட்டது. அவளுடைய தெருவில் இன்னும் பல வீடுகளுக்கும் அதே கதி. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குமுன் வலை வாங்காவிட்டால், மீன்பாடு உள்ள மழைக்கால இரண்டு மாதமும் அவர்கள் கரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வருஷம் முழுக்கக் கடன்தான்.

நீ கமிட்டியில் பேசினாய். ஏலப்பணத்தில் ஒரு பங்கை அந்தத் தெருவுக்குக் கொடுக்கலாம் என்றாய்.

"அவங்க ரோமன் கத்தோலிக்கக்காரங்க. அவங்களுக்குப் பிஷப்பு இல்லியா? நம்ம காணிக்கை மிஷனுக்காக்கும்" என்றார் செக்ரட்டரி.

"நூல் தூரமாப் போகட்டு செக்ரட்டரியே. எனக்கும் அது சந்தோசம்தான். ஆனா போற வழியில கோட்டுகாலும் உண்டுல்லா?"

அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்று போதகர் மெல்லிய குரலில் முடித்துவைத்தார். வெளியே வந்ததும் நான் பல்லைக் கடித்தேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாய்.

பண்டிகை நாளன்று, யாரும் கூப்பிடாமல், பிலோமினா அக்கா வந்தாள். தலையில் கூடை, கூடையில் ஒற்றை நெய்மீன். கூடைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பியின் வள்ளத்தில் விடிகாலை கிடைத்தது.

"இதையும் ஏலத்துல போடுங்க. வருசமெல்லாம் உங்க ஊரு பைசாவுல கஞ்சி குடிக்கியவளாக்கும் நான். எனக்க காணிக்கை."

"மீனா? கோவில் முற்றத்துலயா?" என்று செக்ரட்டரி முகத்தைச் சுளித்தார்.

"ஐயாயிரம் பேருக்குக் கர்த்தர் பங்கு வெச்சதுல மீனும் உண்டு செக்ரட்டரியே" என்று நீ சொன்னதும் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மீனை வாழையிலையில் கிடத்தி மேசைமேல் வைத்தாய். அன்றைக்கு வந்த பொருள்களிலேயே பெரியது அதுதான். பெரிய பொருள் எதுவானாலும், எத்தனை சுற்று போனாலும், கடைசியில் செக்ரட்டரி வீட்டுக்குத்தான் போகும். அவர் கேட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது வழக்கம்.

நான் மூடவில்லை. ஒரு கோழியின் விலையில் தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஏற்றினார். நான் ஏற்றினேன். அவர் இன்னும் ஏற்றி எடுத்துவிட்டு, எழுந்து நின்று, வருஷாவருஷம் செய்வதுபோல், "திருப்பி விடுகேன். மிஷனுக்கு!" என்றார். கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் அசட்டையாக இருந்துவிட்டார். ஒரு ஆட்டின் விலைக்கு நான் எடுத்தேன். என் அந்த மாதச் சம்பளம் முழுவதும் அதில் போயிற்று. நீ மேசைக்குப் பின்னாலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

"திருப்பி விடுகேன்" என்றேன். "கோட்டுகால்ல வலை போனவங்களுக்கு."

செக்ரட்டரி துள்ளி எழுந்தார். "அது ஸாத்யமல்ல! கமிட்டி வேண்டாம்னு தீருமானிச்சதாக்கும்!"

"கமிட்டி தீருமானிச்சது சபைக்க பணத்தைப் பத்தி" என்றாய் நீ. குரலை உயர்த்தவே இல்லை. "இது திருப்பி விட்டவனுக்க வாக்கு. உங்க அப்பா காலத்துலயே உள்ள முறை. மாத்தணும்னா இப்ப எல்லாரும் கேக்க மாத்துங்க."

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் அங்கியின் கையைச் சரிசெய்துகொண்டே, "முறைன்னா முறைதான்" என்றார். அந்த மனிதர் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

மூன்றாவது சுற்று தொடங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து குரல்கள் எழுந்தன. விலை ஆட்டைத் தாண்டியது. செக்ரட்டரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டினாய்.

"சபையில பெரிய சாமான் செக்ரட்டரிக்க வீட்டுக்குப் போவாத வருசம் இதாக்கும். எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்த மீனு இன்னைக்கு டுட்டோரியல் காலேஜுல பொரியப் போவுது!"

சிரிப்பில் அவருடைய காது சிவந்தது. எழுந்தார். கேட்டார். நான் அதற்குமேல் கேட்டேன். என் சட்டைப்பையில் மறுநாள் வேலைக்குப் போக பஸ் கூலிகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் ஏற்றினார். நானும் ஏற்றினேன்.

"எலே சாரே, யோசிச்சுக் கேளு" என்றாய். எல்லோரும் அது கேலி என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் உன் பயம் புரிந்தது.

"ஒரு தரம்..." செக்ரட்டரியின் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று கையாட்டினாள். "ரண்டு தரம்..." நீ நிறுத்தினாய். கோர்ட்டில் இப்படி நிறுத்தியிருந்தால் உன்னை வேலையிலிருந்து எடுத்திருப்பார்கள். அவர் விட்டுவிட்டால், சபை முன்னால், அந்த மனிதர் முன்னால், கையில் காசில்லாமல் நான் நிற்கவேண்டும். வலைக்கும் ஒன்றும் கிடைக்காது.

செக்ரட்டரி கேட்டார். ஒரு கறவைப் பசுவின் விலை!

"மூணு தரம்!" என்று நீ மேசையில் அடித்த அடியில் கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. முற்றமே எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் அது ஒன்றுதான் என்றால் மிகையில்லை. ஏலத்தில் தோற்று ஜெயித்தேன்.

அவர் மீனைத் தூக்கிக்கொண்டு நின்றார். "திருப்பி விடுங்க. அதை முறிக்க நம்ம வீட்டுல அரிவாளு இல்ல" என்று மனைவி சத்தமாகச் சொன்னாள். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். "மிஷனுக்கு" என்று தொடங்கி, வெளியே மாமரத்தடியில் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்த பிலோமினா அக்காவைப் பார்த்து, "ரண்டுக்கும்" என்று முடித்தார். எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதையும் எழுதத்தான் வேண்டும். கடைசிச் சுற்றில் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து மீனை எடுத்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் பிலோமினா அக்கா அழவில்லை, கோபப்பட்டாள். "நான் குடுக்க வந்ததாக்கும். வாங்க வந்ததில்ல."

"நீங்க குடுத்தாச்சு அக்கா. இனி எங்க முறை. வந்து மீனை வெட்டுங்க, இங்க ஒருத்திக்கும் அது தெரியாது" என்றாய் நீ. அவள் வெட்டினாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி வைத்து, சபை முழுவதும் முற்றத்திலேயே சாப்பிட்டது. மிஷனுக்கு அந்த வருஷம் போனதும் முந்தைய வருஷங்களைவிடக் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. மழை தொடங்குமுன் அந்தத் தெருவில் வலைகள் வந்து இறங்கின. முதல் கூடை மீனை அவள் செக்ரட்டரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆண்டறிக்கையில் இதெல்லாம் அவருடைய யோசனை என்று அச்சானது. நான் கொதித்தேன். நீ சிரித்தாய். "பேரு அவருக்கு இருக்கட்டும்லே. வலை கடல்ல கெடக்குல்லா?"

உன்னை அடக்கம் செய்த அன்று கோட்டுகாலிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய பாதிரியாரான அச்சனும் வந்தார். நம் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் பாட்டும் நம் பாட்டும் ஒன்றாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஏலம் கூறும் வேலை எனக்கு வந்தது. உன் குரல் எனக்கில்லை, உன் சிரிப்பும் இல்லை. ஆனால் இந்தச் சபையில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாரிடம் தோற்கச் சகிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நீ அன்பினால் செய்ததை நான் வன்மத்தைக் கொண்டு செய்கிறேன். கடலோரத்துக்கும் தூரதேசத்துக்கும் பணம் ஒன்றுபோலவே போய்ச் சேருகிறது.

இந்த வருஷம் ஒரு பெரிய சேனைக்கிழங்கு வந்தது. எல்லைச் சுவர்த் தகராறில் பலகாலமாகப் பேசிக்கொள்ளாத அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே விலையை ஏற்றினேன். அண்ணன் எடுத்தான், திருப்பி விட்டான். தம்பி எடுத்தான், திருப்பி விட்டான். கிழங்கு நாலைந்து தடவை மேசைக்கு வந்தது. கடைசியில், "எந்தக் காரியத்துக்கு?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு சபைக்காரரின் பெயரை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

நான் மேசையில் ஓங்கி அடித்தேன் மக்கா.