நீ வரைந்த பாலம்

ஆர்ஷா,

திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தவர்கள் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பார்கள். எனக்குக் கிடைத்து மூன்று மாதமாகியும் நான் உடைக்கவில்லை.

நேர்காணலில் முன்னனுபவம் கேட்டார்கள். படிப்பு முடிந்த கையோடு வந்த எனக்கு ஏது? கல்லூரியில் நீ வடிவமைத்த பாலத்தின் வரைபடத்தை என்னுடையதென்று நீட்டினேன்.

அடுத்து நீ உள்ளே போனாய். "முன்னால வந்த பொண்ணு காட்டினதைக் காப்பியடிச்சியா?" என்று உன்னிடம் அவர்கள் அதட்டியது வெளியே எனக்குக் கேட்டது. வாய் திறக்காமல் நின்றேன்.

நேற்று மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "பின்னே, யாரு வரைஞ்சதாக்கும்?" என்றார். உன் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். இனி நான் வரவேண்டாம் என்றார்.

நாளை அவர் உன்னைக் கூப்பிடுவார். புது எண்ணைப் பார்த்து, நான்தான் என்று நினைத்து வழக்கம்போல் துண்டித்துவிடாதே.

உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள்