தும்பைக்குக் கிடைக்காத பாட்டு

இன்று காலை வாலாஜாபாத் வண்டியில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டார். அந்த வாசனை வந்ததும் நான் ஜன்னலோர இருக்கையைத்தான் பார்த்தேன். பஸ் ஏறினாலே உனக்குக் குமட்டும். உத்திரமேரூர் ஸ்டாண்டில் படியில் கால் வைக்கும்போதே பையில் எலுமிச்சை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாய். அத்தனை வருஷம் போய் வந்தும் அந்த வண்டி உனக்குப் பழகவே இல்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்துவிட்டது. ஜன்னலோர இருக்கையில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள்.

உனக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை, எனக்கு ரைஸ்மில் ஆபீசில் வேலை. மந்திரவாதியும் பேசும் ஆந்தையும் வரும் மாயக்கதை நாவல்களை நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் மில்லில் எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் வண்டியிலேயே வாங்கிப் படித்தாய். "இந்த சாம்பலாண்டி இன்னா பாட்டு கேப்பான்?" என்று கேட்டாய். நாடுகளை ஊதியே சாம்பலாக்கும் என் வில்லன் அவன். அவனைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பைத்தியம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பாட்டு. அது தெரிந்தால்தான் அந்த ஆள் எப்படி நடப்பான், எங்கே மூச்சு வாங்குவான் என்று எனக்குப் பிடிபடும். போனில் தேடக் கூடாது என்று நீ சட்டம் போட்டாய். டிரைவர் வைக்கும் பாட்டில் அது தானாக வர வேண்டும். இருவரும் சரி என்றால்தான் அந்தப் பாட்டு அந்த ஆளுக்குச் சொந்தம். ஒருத்தி வேண்டாம் என்றாலும் விட்டுவிட வேண்டும். டிரைவருக்குத் தன் பென்டிரைவில் ஒரு ராஜ்ஜியமே குடியிருப்பது கடைசிவரை தெரியாது.

சாம்பலாண்டிக்கு நீ பிடித்த பாட்டு, புல்லாங்குழலில் ஆரம்பிக்கும் பழைய காதல் பாட்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கெட்டவனுக்கு டமால் டுமீல்னு குடுத்தா அது போஸ்டர்டி. ஆசையா பாடிக்கினே வர்றான் பாரு, அப்பதான் பயமா கீது" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்கு ரோமம் சிலிர்க்கிறது. என் அண்ணன் ரிசப்ஷனில், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது மெல்லிசைக்காரர்கள் அதையே எடுத்துவிட்டார்கள். "ஐயோ, சாம்பலாண்டி வந்துட்டான், ஊரே காலி" என்று நீ என் காதில் சொன்னாய். கல்யாண ஆல்பத்தில் நாம் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறோம். நாத்தனார் சரியில்லை என்று அண்ணி வீட்டில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது.

கடைசிப் புத்தகத்தில்தான் மாட்டிக்கொண்டோம். தண்ணீர் இல்லாத நாட்டுக்கு ஒரு குடத்தில் ஏரியையே எடுத்துக்கொண்டு நடக்கிறாள் தும்பை. மூன்று புத்தகமும் அவள் கதைதான், ஆனால் அவளுக்கு மட்டும் பாட்டு அமையவில்லை. பாட்டு இல்லாமல் அவளை என்னால் நடக்க வைக்க முடியவில்லை. காட்டு எல்லையில் குடத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் உனக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். எலுமிச்சைக்கு அடங்காத குமட்டல் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

நீ வேலைக்கு வருவது நின்றது. நான் வண்டியில் வரும் பாட்டுகளை போனில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் உன் வீட்டுக்கு வருவேன். ஹாரன் சத்தம், கண்டக்டர் விசில், நடுவில் பாட்டு. நீ கண்ணை மூடிக் கேட்பாய். பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும் சத்தம் வந்தால் மட்டும் லேசாகச் சிரிப்பாய்.

"பாட்டு நல்லாதான் கீது. ஆனா இது பாவப்பட்ட பொண்ணு பாட்டு. தும்பை பாவமா?"

"இது வேணாம். இவ திரும்பித் திரும்பிப் பாக்கறா. தும்பை பாக்க மாட்டா."

கொண்டுவந்ததை எல்லாம் தட்டிவிட்டாய். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "வேணும்னே பண்றியா? எனக்கு பேஜாரா கீதுடி, புக்கு நிக்குது" என்றேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உடம்பு அவ்வளவு இளைத்த பிறகும் கிண்டல் மட்டும் இளைக்கவில்லை. "சரின்னு சொல்லிட்டா நாளைக்கு இன்னா சாக்குல வருவ?" என்றாய். சமையற்கட்டில் உன் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். நான் அடுத்த பாட்டைப் போட்டேன். அதுவும் வேண்டாம் என்றாய். அந்த வாரமே உன்னைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீ திரும்பி வரவில்லை.

பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. சாதாரணக் காலை, வண்டியில் ஒரே பேச்சு. முதலில் வெறும் கைத்தாளம், பிறகு ஒரு பெண் குரல். அழுகை இல்லை, அவசரமும் இல்லை. இரண்டாவது வரியிலேயே குடம் ததும்பாமல் அவள் நடப்பது எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பினேன். தூக்குவாளியை மடியில் வைத்துத் தூங்கும் ஒரு பெரியவர் இருந்தார். அன்றைக்கு ஆபீசில் தொட்ட கணக்கு எதுவும் சரியாக வரவில்லை.

உனக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடியட்டும் என்று காத்திருந்து, உன் அம்மாவிடம் போனேன். துக்க வீட்டில் பாட்டுப் போடலாமா என்று எனக்குத் தயக்கம். "போடும்மா. தினமும் கேட்டுக்கினுதான இருந்தோம்" என்றார். முழுவதும் கேட்டார். உன் கட்டிலில் இப்போது மடித்த துணிகள் இருக்கின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாதான் கீது. எம்பொண்ணு இருந்தா வேணாம்னுதான் சொல்லிருப்பா."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு வூடு சேந்துச்சா?" தும்பையை அந்த வறண்ட மண்ணிலேயே சாகவைப்பதாகத்தான் முதலிலிருந்தே திட்டம். உன்னிடம்கூட அதை நான் சொல்லவில்லை. "சேந்துடும்மா" என்றேன்.

சேர்த்துவிட்டேன். போன வாரம் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். அவளுக்குப் பாட்டு இல்லை. ஒருத்தி மட்டும் சரி சொன்ன பாட்டை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அந்த அத்தியாயத்தில் அவள் நடை கொஞ்சம் தடுமாறுகிறது. படிப்பவர்களுக்குக் களைப்பு என்று தோன்றும்.

அந்தப் பாட்டு வண்டியில் இன்னும் வருகிறது. வரும்போதெல்லாம் நீ "வேணாம்" என்று சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஏன் வேண்டாம் என்று நீ சொல்வதுதான் கேட்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லாத நாடுகளையும் இல்லாத மனிதர்களையும் உட்கார்ந்த இடத்தில் உண்டாக்குகிறேன், உன் வாயில் வந்திருக்கக்கூடிய அந்த ஒரு வாக்கியத்தை என்னால் உண்டாக்க முடியவில்லை.