கேட்காமல் சொன்ன பதில்

14 நவம்பர் 2006, செவ்வாய்

மனைவி மதிக்குப் புதுக் கண்ணாடி எடுக்கத்தான் கண் மருத்துவரிடம் போனோம். அவர் விழித்திரையைப் படம் எடுத்தார். அதில் வெள்ளையாகச் சில திட்டுகள். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கினாலும் இப்படி வரலாமாம். காலையில் மூட்டுகள் நோகுமா என்று கேட்டார். ஜெர்மனில் மொழிபெயர்க்கப் போன நான், அவளிடம் கேட்காமலே “நைன்”, இல்லை என்றேன்.

“யா,” ஆம் என்றாள் மதி. என் முன்னால் அவள் ஜெர்மன் பேசியது இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில், “எவ்வளவு காலமா நோகுது?” என்றேன்.

“மூண்டு வருசம். போத்தல் மூடி திறந்து தாங்கோ எண்டால், பஞ்சிக்காரி, சோம்பேறி எண்டு ஏசுவீங்கள்.”

வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு டெர்மின், நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். “நான் தனியப் போறன்,” என்றாள். ஓம் என்றேன்.

அவள் படுத்தபின் ஜாம் போத்தலின் மூடியைத் தளர்த்தி வைத்தேன்.