கூடைக்கு விழுந்த ஓட்டு

மழையில் நனைந்தபடியே வீடு வந்து சேரும் என் அன்பு ரத்னா அத்தைக்கு,

நேற்று நீலசந்திராவில் நல்ல மழை. ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் வழக்கம்போல நம் சந்துக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கட்டில் கால்களுக்குக் கீழே வைத்த செங்கற்களை அப்பா இப்போதெல்லாம் எடுப்பதே இல்லை. "எடுத்தா திரும்ப வைக்கணும்" என்கிறார். நீங்கள் போன பிறகு மாறியது அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். சமூக அறிவியல் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் வீடு இருக்கும் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைச் சார்ட்டில் எழுதி வகுப்பில் பேச வேண்டும். இந்த மாதிரி வேலை என்றால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம் என்று உங்களுக்குத் தெரியும். நூலகத்திலும் கம்ப்யூட்டரிலுமாகத் தேடித் தேடி எடுத்தேன். தொகுதியின் பெயரை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் நம் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள்.

நாம் முன்பு வேறொரு தொகுதியில் இருந்தோமாமே, அத்தை? எல்லையை மாற்றி வரைந்தபோது மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் ஒரு தொகுதி ஆகிவிட்டதாம். பால் பாக்கெட் வாங்க ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் தொகுதி விட்டுத் தொகுதி போய் வருகிறேன் என்று தெரிந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை, அட்டவணையின் நடுவில் ஒரு வரிக்கு வரும் வரைதான். ஜெயித்தவர்கள் பகுதியில் மேலிருந்து கீழ் வரை ஒரு பெண் பெயரும் இல்லை. இரண்டாம் இடத்தில் ஒரே ஒரு முறை மட்டும் ஒரு பெண். ரத்னம்மா, சுயேச்சை, சின்னம் குடை. ஒரு நொடி உங்கள் பெயர் என்றே நினைத்துவிட்டேன். பிறகு அதே தேர்தலின் முழு விவரத்தைத் திறந்தேன். கீழே இன்னொரு ரத்னம்மா இருந்தார். அவரும் சுயேச்சை. சின்னம் பழக்கூடை. முகவரி நம் சந்து. அது நீங்கள். முதல் ரத்னம்மா தோற்ற வித்தியாசத்தைவிட உங்கள் ஓட்டு அதிகம். அட்டவணையிலோ நீங்கள் 'மற்றவர்கள்'.

அப்பாவிடம் கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். மறுபடியும் கேட்டேன். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

அப்போது நான் யு.கே.ஜி. கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்ததும், சந்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சாக்கடை விஷயமாக ஆபீஸ் ஆபீஸாக அலைவீர்களாம். அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்தாராம். "நீங்களே நில்லுங்கக்கா. உங்க பேர்லயே ஒரு ராசி இருக்கு. பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாராம். சின்னத்தையும் அவரே தேர்ந்தெடுத்தாராம். நீங்கள் அன்று ராத்திரி சாப்பிடாமல், முதலில் சாக்கடையா, தண்ணீரா, எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தீர்களாம். அத்தை, நீங்கள் பேச நினைத்தது என்ன? அதை யாரும் கேட்டு வைக்கவில்லையே.

பேச ஒரு கூட்டமும் நடக்கவில்லை. போஸ்டரும் வரவில்லை. கேட்டால் "எல்லாம் நடக்குதுக்கா, நீங்க வீட்ல இருங்க" என்பாராம் அவர். தெருவில் ஓடியது இன்னொரு ரத்னம்மாவின் ஆட்டோதான். அந்தத் தேர்தலுக்கு முந்தைய வெள்ளத்தில் பாய், அரிசி, மருந்து என்று எல்லாச் சந்துக்கும் கொண்டுவந்து கொடுத்த அம்மா அவர். மைக்கில் கன்னடத்தில் ஒரே குரல். "நம்ம ரத்னம்மா, கொடெ, கொடெ."

அகராதியில் பார்த்தேன். கன்னடத்தில் கொடெ என்றால் குடை. நம் பக்கத்துக் கடைகளில் சத்ரி என்று கேட்டுத்தான் வாங்குவோம். கொடெ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குடையும் கொடெயும் அக்கா தங்கை மாதிரி இரண்டு சொற்கள். ஆனால் மைக் சத்தத்தில், கன்னடம் படிக்கத் தெரியாத நம் சந்துகளில், அது கூடை ஆகிவிட்டது.

ஓட்டு எண்ணிய அன்று மத்தியானம், உங்களுக்கு இவ்வளவு ஓட்டா என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியமாம். அப்போது அடுத்த சந்து கன்னியம்மா மூச்சிரைக்க வந்தாராம்.

"ஏன்டி ரத்னா, அந்தம்மா எப்படித் தோத்தாங்க? எங்க சந்துல ஒருத்தர் விடாம கூடைக்குத்தானே போட்டோம்?"

"கூடை நான்தான்டி."

"நீயா? போஸ்டரே காணோமேன்னு வாபஸ் வாங்கிட்டன்னு இல்ல நெனச்சோம்."

கன்னியம்மா போவதற்குள், ஜெயித்த கட்சியின் ஆளான அதே கட்சிக்காரர் மைசூர்பாக் டப்பாவோடு வந்துவிட்டாராம். நீங்கள் கேட்டீர்களாம், "தோத்தவளுக்கு எதுக்கு தம்பி ஸ்வீட்டு?" அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க நின்னதே நமக்கு ஜெயிச்ச மாதிரிக்கா" என்றாராம். டப்பாவை யாரும் திறக்கவில்லை. எறும்பு வந்த பிறகு அம்மாதான் தூக்கிப் போட்டாராம்.

அதன் பிறகு நீங்கள் எந்த ஆபீஸ் வாசலுக்கும் போகவில்லை. குடையும் பிடிக்கவில்லை. மழை வந்தால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடப்பீர்கள். "அத்தைக்குப் பிடிவாதம்" என்று நானும் உங்களைக் கேலி செய்திருக்கிறேன். கோயில் மேட்டில் அந்த ரத்னம்மா வீடு இருப்பதால்தான் பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிப் போவீர்கள் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. "போய் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று அப்பாவிடம் அடிக்கடி சொல்வீர்களாம். ஏன் அத்தை போகவில்லை? அவர் திட்டுவார் என்றா, திட்டாமல் விட்டுவிடுவார் என்றா?

சார்ட்டில் உங்கள் பெயரை எழுதப் போகிறேன் என்றதும் அப்பா கோபப்பட்டார். "மத்தவங்கன்னு போட்டிருக்கான்ல, அப்படியே விடு. செத்தவ பேரை எதுக்கு வகுப்புல இழுக்கற?"

எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. எழுதினால் வகுப்பு உங்களை ஏமாற்றுக்காரி என்று நினைக்கும். எழுதாவிட்டால் நீங்கள் நிற்கவே இல்லை என்று ஆகிவிடும். கடைசியில், கேட்க வேண்டிய ஆளிடமே கேட்கலாம் என்று நேற்றுச் சாயங்காலம் கோயில் மேட்டுக்குப் போனேன். அப்பா வர மாட்டேன் என்றார். ஆனாலும் முனை டீக்கடை வரை வந்து நின்றுகொண்டார்.

ரத்னம்மாவுக்கு முட்டி வலி. கதவைத் திறக்கவே நேரமானது. நான் யார் என்று சொன்னதும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு "குத்கோமா" என்று நாற்காலியைக் காட்டினார். அவருடைய தமிழ் கன்னடத்தில் தோய்ந்தது.

"உங்க அத்தை வருவாங்கன்னு பாத்தேன். ரொம்ப நாள் பாத்தேன். ரோட்ல என்னைக் கண்டா அந்தக் கடெ, எதிர்ப்பக்கமா போயிடுவாங்க. நானாவது கூப்பிட்டிருக்கணும். வாய் வரல."

"அத்தைக்குத் தெரியாதுங்க. அவங்க நெஜமாவே நிக்கறதாத்தான் நெனச்சாங்க."

"தெரியும் பிடு. சாக்கடைக்காக அந்த ஆபீஸுக்கு நானும் போவேன்ல? எனக்கு முன்னாடியே உங்க அத்தை வந்து போட்ட சண்டையை ஆபீஸ்காரங்க சொல்லுவாங்க. 'உன் பேர்க்காரி வந்து கத்திட்டுப் போனா'ன்னு." அவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "'ஹோக்லி பிடு, போகட்டும் விடு'ன்னு சொன்னா உனக்கு நிம்மதியா இருக்கும். சொல்ல முடியல கண்ணு. அன்னைக்கு ஜெயிச்சவன் இந்தப் பக்கம் வரவே இல்ல."

சார்ட்டைப் பற்றிக் கேட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது. ரெண்டு ரத்னம்மாவும் எழுது. ஒரே வரியில எழுது. கொடெயும் கூடையும் பக்கத்துல பக்கத்துல படம் போடு."

ஒரே சாக்கடைக்காக, ஒரே பெயரோடு, ஒரே வாசலில் தனித்தனியாகச் சண்டை போட்ட இரண்டு பேர். நீங்கள் ஒரு நாள் அந்த மேட்டில் ஏறியிருந்தால், அடுத்த தேர்தலில் ஒருவர் நிற்க, இன்னொருவர் மைக் பிடித்திருக்கலாம் இல்லையா? இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, அத்தை. உங்கள் மேல் கொஞ்சம் கோபமும் வருகிறது.

கிளம்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் குடையை எடுத்து நீட்டினார். ஒரு கம்பி வளைந்த பழைய குடை. "நனையாதே. கொண்டுவந்து கொடுத்துடு" என்றார். டீக்கடையில் நின்ற அப்பா குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடைக்குள் வந்து நின்றுகொண்டார். இருவருக்கும் பாதித் தோள் நனைந்தது.

சார்ட் முடிந்துவிட்டது. உங்கள் கூடையில் மாம்பழமும் வரைந்திருக்கிறேன். குடை இப்போது நம் வாசலில் காய்கிறது. நீங்கள் போகாத அந்த மேட்டுக்கு, அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டேன், அத்தை. அவர் திட்டினாலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

கூடைக்காரியின் அண்ணன் மகள்,
உங்கள் செல்வி