ஜில்பேரின் காதுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

8 ஜூலை 1996, திங்கள்

இன்று பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்திலிருந்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னலைக் கொஞ்சம் சாத்த முடியுமா என்றுதான் கேட்டேன். கத்திக் கேட்டிருக்கிறேன் போல. எங்கள் அறையில் டிசைன் வரைகிற லிஸ்ஸிடம் சொன்னபோது மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இந்தத் தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோலை நான் கற்றுக்கொண்டதே எங்கள் டிசைன் அறையில்தான். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுகிறோம். அந்த மொழியே அப்படித்தான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

எல்லாம் அந்த மூன்று கிழட்டு வொர்க்ஸ்டேஷன்களால் வந்தது. ரோஷ் புவாவில் இந்த ஸ்வெட்டர் ஃபாக்டரி ஆரம்பித்தபோது வாங்கியவை. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் செங்கல் கனம். காலையில் சுவிட்சைப் போட்டால் மிக்ஸி ஓடுவது போல மாலைவரை ஓடும். தூக்கிப் போடவும் முடியாது. பின்னல் டிசைன் போடும் சாஃப்ட்வேர் இவற்றில் மட்டும்தான் வேலை செய்யும், அதை விற்ற கம்பெனியோ மூடியாகிவிட்டது. இவற்றை உயிரோடு வைத்திருக்கத்தான் என்னைத் திருச்சியிலிருந்து வரவழைத்தார்கள். சத்தம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

11 ஜூலை

ஜில்பேர் டாக்டரிடம் போய் வந்திருக்கிறார். லிஸ் வரைவதைப் பின்னல் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருபவர் அவர்தான். எங்கள் அறைக்கு வருமுன் பல வருடம் கீழே மெஷின்களுக்கு நடுவில் வேலை பார்த்தவர். இப்போது இரண்டு காதிலும் விடாமல் ஒரு ரீங்காரம். இனிமேலும் இந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால் காது போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்ல ஒரு ஹோட்டல்ல ஸ்டோர் வேலை இருக்கு, மிஸ் ஜெயா. பாம்பூவுல எங்க வீட்டுலேர்ந்து பக்கம். அக்டோபர் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அங்க கடல் சத்தம் மட்டும்தான்." இதையும் அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. (சொன்னது கிரியோலில். தமிழில் எழுதினால்தான் எனக்கு மனதில் நிற்கிறது.)

"போகட்டும், ஹோட்டலுக்கு வர்ற ஜெர்மன்காரிகளுக்குத் துண்டு மடிச்சுக் குடுப்பாரு" என்றாள் லிஸ். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. போயிடுவாரா? போனா எனக்கென்ன?

12 ஜூலை

எனக்கென்னவா. நிறைய.

24 ஜூலை

போர்ட் லூயிஸில் ஒரு கம்ப்யூட்டர் கடை. புதிதாக வந்த டிஸ்க் ஒன்றைக் காட்டி, "இதுக்கு மேல வேகம் கிடையாது, மாதாம்" என்றான் பையன். வேகம் யார் கேட்டது? சத்தம் போடக் கூடாது என்றேன். தலையாட்டினான். நானும் நம்பி வாங்கி வந்தேன்.

மாட்டினேன். முதலில் அதன் முழுக் கொள்ளளவையும் பார்த்து எங்கள் கிழட்டு மெஷின் மிரண்டுவிட்டது. ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் என்றால் அதற்குக் கணக்கே தெரியாது. மிச்சத்தை மறைத்து ஏமாற்றி ஓட்டினால், வேகம் கூடக் கூட டிஸ்க் கொசு மாதிரி கீச்சென்று பாட ஆரம்பித்தது. ஜில்பேர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பழையது உளுந்து அரைத்தது, இது மண்டையைத் துளைத்தது. பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். கடைப் பையன் திரும்ப எடுத்துக்கொண்டான், அதுவே புண்ணியம்.

6 ஆகஸ்ட்

இன்று ஒரு அதிசயம். ஜில்பேர் ஹார்ட் டிஸ்க்குக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறார்.

விளையாட்டில்லை. ஸ்கேல் வைத்து அளந்து, சாம்பிள் மெஷினில், கம்பளி நூலில், இரட்டைப் பின்னலில். கேபிள் வெளியே வர ஒரு கழுத்து, அதற்கு ரிப் பட்டை கூட. அடர் நீலம். "குளிர்காலம்தானே" என்றார் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. (இங்கே ஆகஸ்ட்தான் குளிர்காலம்.) லிஸ் அதில் ஒரு பட்டன் தைத்தாள். போட்டுவிட்டோம். சத்தம் பாதியாகக் குறைந்தது!

சூடு ஏறுமே என்று எனக்குத் தோன்றாமலா இருக்கும்? தோன்றியது. ஆனால் அந்த மனுஷன் கழுத்துப் பட்டையை இழுத்துச் சரிசெய்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வாயைத் திறக்கவில்லை. ஸ்வெட்டர் ஃபாக்டரியில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் மருந்து ஸ்வெட்டர்தான்.

9 ஆகஸ்ட்

டிஸ்க் போய்விட்டது. தொட்டால் இஸ்திரிப் பெட்டி. ஸ்வெட்டரைக் கழற்றும்போது கம்பளி கருகிய வாசனை. டேப்பில் எல்லாம் நகல் இருந்ததால் பிழைத்தோம். அலமாரியில் கடைசியாகக் கிடந்த பழைய டிஸ்கை அந்த இடத்தில் மாட்டினேன். அது மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கத்துகிறது.

லிஸ் அந்த நீல ஸ்வெட்டரைத் தன் பூனைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

20 ஆகஸ்ட்

அண்ணனுக்கு போன் செய்தேன். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்காத பழைய சாமான் கிடையாது. எங்கள் மெஷினில் இருக்கிற ஸ்கஸி கேபிளில் மாட்டுகிற சின்ன சைஸ் டிஸ்க், மெதுவாகச் சுற்றுகிற ரகம், ஒரு ஜிகாபைட்டுக்குள், மூன்று வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில், "ஏண்டி ஜெயா, அந்த மிஷினுக்காகவா இவ்வளவு பதற்றம்?" என்று கேட்டான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

15 செப்டம்பர்

சுப்ரமணியன் அண்ணன் வாழ்க! கடை கடையாக நின்று, ஒவ்வொரு டிஸ்கையும் கரண்ட் கொடுக்கச் சொல்லி, காதில் வைத்துக் கேட்டானாம். "தேங்காய் வாங்க வந்திருக்கீங்களா சார்?" என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்களாம். மூன்று கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து இங்கே நம் கோயிலுக்கு வருகிற சந்திரமௌலி குருக்களிடம் கொடுத்தனுப்புகிறான்.

6 அக்டோபர்

குருக்களைப் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். விபூதிப் பொட்டலங்களுக்கு நடுவில், பழைய வேஷ்டியில் சுற்றி, மூன்றும் பத்திரமாக இருந்தன.

"என்னம்மா இது, பாணலிங்கமாட்டம் கனக்கறது! இங்க ஏர்போர்ட்ல பிரிச்சுக் காட்டச் சொன்னா. எனக்கு என்ன தெரியும்? திருச்சிப் பொண்ணு ஒருத்திக்கு ரொம்ப வேண்டியதுன்னேன். அந்த ஆபீசர் நம்ம தமிழ்க் குடும்பத்துப் பையனாம். வேஷ்டியையும் விபூதியையும் பார்த்துட்டு, கண்ல ஒத்திண்டு அனுப்பிட்டான்."

பொய்யே சொல்லவில்லை அவர். ரொம்ப வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து விபூதியைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன்.

14 அக்டோபர், திங்கள்

மாட்டியாயிற்று. பெட்டியின் தகரத்தில் நேராக ஸ்க்ரூ போட்டால் அந்தத் தகரம் அதிர்ந்து பாடுகிறது. என்ன செய்வது என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, லிஸ் இடுப்புப் பட்டைக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு முழம் வெட்டிக் கொண்டுவந்தாள். குழந்தையைத் தூளியில் போடுகிற மாதிரி டிஸ்கை அதில் தொங்கவிட்டோம். நாலு பக்கமும் காற்றோட்டம். மூன்றுக்கும் அப்படியே.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லையோ என்று பயந்து திரையைப் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கிறது! வாசலில் குருவிச் சத்தம் கேட்டது. இந்த அறைக்கு வெளியே குருவி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜில்பேர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்சம் அதிக நேரமே குலுக்கினார். லிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

17 அக்டோபர்

ஜில்பேர் எங்கள் அறையில் உட்காருவதே இல்லை. எதையாவது சாக்கு வைத்துக் கீழே போகிறார். இன்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கம்ப்ரஸர் ஓடுகிற இடத்தில், அந்தப் பேரிரைச்சலில், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

என்ன மனுஷன் இவர்! மூணு மாசமா நான் யாருக்காக அலைஞ்சேன்? என்னைப் பார்க்கப் பிடிக்கலையா? கையைக் குலுக்கினது தப்புன்னு நினைக்கிறாரா?

18 அக்டோபர்

கேட்டுவிட்டேன். லிஸ் சாப்பிடப் போனபோது. கிரியோலில், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "மெஷின் கத்தும்போது காதுக்குள்ள இருக்கிறது அதுல மறைஞ்சு போகும், மிஸ் ஜெயா. இப்ப மறைக்க ஒண்ணுமில்ல. நாள் முழுக்க அது மட்டும்தான் கேக்குது. நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு தெரியும். எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரெல்லாம் தேடி, கடல் தாண்டிக் கொண்டுவந்து, அவர் காதுக்குள் இருக்கும் பேயைத் தனியாக மேடையேற்றி வைத்திருக்கிறேன். பழைய டிஸ்கையே திரும்ப மாட்டட்டுமா என்றேன்.

"வேணாம், அது மிச்சக் காதையும் தின்னுடும். நீங்க பேசுங்க."

என்ன பேச?

"என்ன வேணும்னாலும். இப்ப பேசிக்கிட்டிருந்தீங்களே, அப்ப அது இல்ல."

இட்லிக்கு எப்படி ஊறவைப்பது என்று ஆரம்பித்தேன். மாவு பொங்குவதற்குள் லிஸ் வந்துவிட்டாள். அவர் ஒரு ஸ்லீவ் முழுவதையும் முடித்திருந்தார்.

25 அக்டோபர்

வேலை செய்துகொண்டே பேசுகிறேன். அம்மாவின் மாமியார் சண்டை, காவிரியில் தண்ணீர் வந்த வருடம், அண்ணன் கணக்கில் ஃபெயிலானது, எல்லாம் தீர்ந்தது. இன்று ஹார்ட் டிஸ்க் எப்படிச் சுற்றுகிறது என்று விளக்கினேன். லிஸ் பஞ்சு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். "டாக்டர் இவருக்குச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்" என்கிறாள்.

31 அக்டோபர், வியாழன்

ஹோட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். காலையிலிருந்து எனக்குப் பேச்சே வரவில்லை. மத்தியானம் அவர் போனை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கடல் ஒரே கதையைத்தான் சொல்லும்" என்றார். மிஸ் என்று கூப்பிடவில்லை. ஜெயா என்றார்.

2 பிப்ரவரி 1997, ஞாயிறு

பாம்பூ. ஜில்பேரின் அம்மா பாக்கியம் சர்ச்சிலிருந்து வந்து பருப்பும் மீன் குழம்பும் வைத்திருந்தார். எனக்காக ஒரு கத்திரிக்காய் பொரியல் தனியாக. பேர் தமிழ்ப் பேர் என்றாலும் அவருக்குத் தமிழில் தெரிந்தது ஏழெட்டு வார்த்தைதான். அதில் ஒன்று "மருமக". போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் இனிமேலும் லைன் சரியில்லை என்று சொல்ல முடியாது.

சாப்பிட்ட பிறகு ஜில்பேர் மாமரத்தடிக் கட்டிலில் படுத்தார். காதில் ரீங்காரம் ஆரம்பித்ததிலிருந்து பகலில் தூங்கியதில்லையாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். பாதிக் கதையில் கண் மூடிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன். பிறகு, பயந்துகொண்டேதான், பேச்சை நிறுத்திப் பார்த்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை; தூங்கிக்கொண்டே இருந்தார்.